'போட்டுக்கிறேன் டாக்டர்': இதய மருந்துகளும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவையும்

திருவரங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உயர் இரத்த அழுத்தத்திற்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு எட்டு மாதங்கள் தொடர்ந்து வந்தார். இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். முதல் முறை வந்தபோது அழுத்தம் 170/100. எனலாப்ரில் எழுதிக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து வந்தபோதும் அழுத்தம் அப்படியே இருந்தது. 'மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறீங்களா ஐயா?' என்று கேட்டோம். 'போட்டுக்கிறேன் டாக்டர்' என்றார். அம்லோடிபின் சேர்த்தோம். அடுத்த முறையும் குறையவில்லை. அதே கேள்வி, அதே பதில். குளோர்தாலிடோன் என்னும் நீர் மாத்திரையையும் சேர்த்தோம். மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தம் என்று கருதி, சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தக் குழாய் வரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக அவர் உள்நோயாளியாகச் சேர்ந்தார். சீட்டில் எழுதியிருந்த மூன்று மாத்திரைகளையும் செவிலியர் நேரம் தவறாமல் முழு அளவில் கொடுத்து, கண்ணெதிரிலேயே விழுங்கச் செய்தார். இரண்டாம் நாள் விடியற்காலையில் கழிவறைக்குச் செல்ல எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார். அழுத்தம் 80/50. நெற்றியில் நான்கு தையல். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போயிற்று.

அன்று மாலை அவருடைய மனைவி எங்களிடம் தனியே வந்து, 'வீட்ல இவர் இதையெல்லாம் ஒண்ணா போட்டதே இல்ல டாக்டர்' என்றார். முதல் மாத்திரை வறட்டு இருமலைக் கொடுத்ததால் பத்து நாளில் நிறுத்திவிட்டார். இரண்டாவது மாத்திரையில் கணுக்கால் வீங்கியதால் அதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டார். விடியற்காலை விஸ்வரூப தரிசனத்திற்குப் போய் வரிசையில் நிற்பவர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எங்கே போவார்? ஆகவே நீர் மாத்திரை ஏறக்குறைய போடப்படவே இல்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பெரியவர் சொன்ன பதில்: 'இவ்வளவு அக்கறையா எழுதிக் கொடுக்கிறீங்க, போடலைன்னா மனசு வருத்தப்படுவீங்களேன்னுதான்.'

அந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூடத் தீர்வில்லாதது அன்று. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற 'ப்ரில்' என முடியும் மருந்துகளைச் சாப்பிடுவோரில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு வறட்டு இருமல் வருகிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அது நின்றுவிடும். டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற மாற்று மருந்துகள் அந்த இருமலைப் பெரும்பாலும் தருவதில்லை. அம்லோடிபினால் வரும் கால் வீக்கம் இதயம் பழுதடைந்ததன் அறிகுறி அன்று. அளவைக் குறைத்தாலோ வேறு மருந்தைச் சேர்த்தாலோ வடியும். நீர் மாத்திரையைக் கோயிலிலிருந்து திரும்பிய பின் காலை பத்து மணிக்குப் போட்டுக்கொண்டால் போதும். மொத்தம் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்திருக்கக்கூடிய செய்தி எட்டு மாதமும் நான்கு தையலும் எடுத்துக்கொண்டது.

குறை அவருடையது மட்டுமன்று. 'ஒழுங்கா போட்டுக்கிறீங்களா?' என்ற கேள்விக்கு நம் ஊரில் மரியாதை தெரிந்த எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமில்லை. இப்போதெல்லாம் 'போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று கேட்கப் பழகியிருக்கிறோம். விட்டுப்போவது மனித இயல்பு என்று நாங்களே முதலில் ஒப்புக்கொண்டு கேட்டால், 'ரெண்டு நாள்', 'மூணு நாள்' என்று பதில் வருகிறது. உங்கள் மருத்துவர் இப்படிக் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லலாம். நாங்கள் எழுதும் அளவு நீங்கள் சொல்வதைக் கணக்கில் கொண்டே தீர்மானமாகிறது. மரியாதைக்காகச் சொல்லும் ஒரு 'ஆமாம்' மறுநிமிடமே மருந்துச் சீட்டில் கூடுதல் மாத்திரையாக ஏறிவிடும்.

இரண்டு நிமிடம்

புறநோயாளர் பிரிவில் நேரம் குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2017ஆம் ஆண்டு பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு வெளிவந்தது. பொது மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்திற்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். நேரம் அதிகமுள்ள நாடுகளிலும் மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்பவர்கள் என்று சொல்வதற்கில்லை. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 விநாடிக்குள் மருத்துவர் குறுக்கிட்டுவிடுவது பதிவாகியிருக்கிறது. நாங்களும் குறுக்கிடுகிறோம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கையில் அது நேர்ந்துவிடுகிறது.

ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். மரியாதை கருதியோ தயக்கத்தாலோ பலர் அதைக் கடைசிக்கு வைக்கிறார்கள். எழுந்து கதவுவரை போய்விட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, 'அப்புறம் டாக்டர், படியேறினா நெஞ்சு லேசா அடைக்குது' என்பார்கள். அன்றைய வருகையில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே செய்தி அதுதான். வீட்டிலேயே ஒரு தாளில் இரண்டு அல்லது மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: போன முறைக்குப் பின் புதிதாக என்ன வந்தது, எந்த மாத்திரையில் என்ன தொந்தரவு, எதை நிறுத்தினீர்கள். தாளை எங்களிடமே நீட்டினாலும் நாங்கள் தவறாக நினைப்பதில்லை. படிப்பது கேட்பதைவிட விரைவு.

வீட்டில் அழுத்தமானி வைத்திருப்பவர்கள் அளவுகளைத் தேதியுடன் குறித்து வாருங்கள். காபி குடித்தவுடனோ படியேறி வந்தவுடனோ பார்க்காமல், ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, பேசாமல், கையை மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்ததுமே அழுத்தம் ஏறிவிடும் மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு உங்கள் குறிப்பேடு எங்கள் கருவியைவிட நம்பகமான சாட்சி.

மலைக்கோட்டைப் படி ஓர் அளவுகோல்

'நெஞ்சு வலி இருக்கிறதா?' என்று நாங்கள் கேட்டால் 'இல்லை' என்பார்கள். வலி என்ற சொல் அவர்கள் அனுபவத்திற்குப் பொருந்துவதில்லை என்பதே காரணம். மாரடைப்புக்கு முன்வரும் உணர்வை நம் மக்கள் பாரம் என்றும் இறுக்கம் என்றும் அடைப்பு என்றும் எரிச்சல் என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துச் சில மணி நேரத்தை இழந்த பிறகு வருவோரை வாரந்தோறும் பார்க்கிறோம். எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதையே சொல்லுங்கள். கூடவே எப்போது வருகிறது, என்ன செய்தால் வருகிறது, நின்றால் அடங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடந்தால் வந்து நின்றால் அடங்கும் வாயு பெரும்பாலும் வாயுவே அன்று.

இதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. மலைக்கோட்டைக்கு அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர் சன்னதி, உச்சியில் பிள்ளையார். 'போன வருஷம் தாயுமானவர் சன்னதி வரைக்கும் நிக்காம ஏறினேன். இப்ப அதுக்குள்ள மூணு இடத்துல உட்கார வேண்டியிருக்கு' என்று ஒருவர் சொன்னால், 'கொஞ்சம் மூச்சு வாங்குது டாக்டர்' என்பதைவிடப் பத்து மடங்கு செய்தி அதில் இருக்கிறது. திருவரங்கத்தார் உத்தர வீதியை ஒரு சுற்று வருவதை வைத்துச் சொல்லலாம். மாடியில் துணி உலர்த்தப் போவதையும், அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துவிட்டு மேலே ஏறுவதையும் வைத்துச் சொல்லலாம். அதே வேலை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற ஒப்பீடே எங்களுக்கு வேண்டியது. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கும், பெண்களுக்கும், முதியோருக்கும் நெஞ்சில் எதுவும் தெரியாமலே மாரடைப்பு வரக்கூடும். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை மட்டுமே தெரியலாம். இவ்வகை அறிகுறி திடீரென வந்து சில நிமிடம் நீடித்தால், அல்லது நெஞ்சு இறுக்கம் இருந்த இடத்திலேயே அடங்காவிட்டால், அது மருத்துவரிடம் பேசும் நேரமன்று. 108ஐ அழையுங்கள். இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து வராதீர்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றின் முதல் அவசர அளவு வைக்கப்பட்டிருக்கிறது. முசிறிப் பக்கத்திலும் மணப்பாறைப் பக்கத்திலும் கிராமங்களில் இருப்போர், திருச்சிக்குப் புறப்படும் முன் அருகிலுள்ள நிலையத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

மஞ்சப்பை

அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லாம் என்றால் உண்மையில் எல்லாமும்தான்: பாதி தீர்ந்த அட்டைகள், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை, சித்த மருந்து, லேகியம், சத்து மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்தது. 'வெள்ளை மாத்திரை, சின்னது, ராத்திரி போடுறது' என்ற வருணனைக்குப் பொருந்தும் மருந்துகள் ஐம்பதாவது இருக்கும். பையைக் கவிழ்த்தால் பல புதிர்கள் அங்கேயே அவிழும். அடிக்கடி காண்பது ஒரே மருந்து இரண்டு பெயரில். ஒரு மருத்துவர் ஒரு நிறுவனப் பெயரிலும் இன்னொருவர் வேறு நிறுவனப் பெயரிலும் ஒரே மூலப்பொருளை எழுதியிருப்பார்கள். நோயாளி இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். அட்டையில் நிறுவனப் பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் உண்மைப் பெயர். அதைப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பையில் நாங்கள் முதலில் தேடுவது வலி மாத்திரையை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தை வருத்தும், ஆஸ்பிரின் போன்றவற்றோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு உண்டாக்கும். பலவீனமான இதயம் உள்ள ஒருவர் மூட்டுவலிக்காக ஒரு வாரம் இவற்றைச் சாப்பிட்டுவிட்டு, மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வருவது அரிதன்று. 'வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?' என்றால் இல்லை என்பார்கள். வலி மாத்திரையை மருந்தென்று யாரும் எண்ணுவதில்லை. வலிக்கு என்ன போடலாம் என்று எங்களிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் ஏற்றது.

நாட்டு மருந்தைப் பற்றி மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் கடிந்துகொள்வோம் என்ற அச்சம் எங்கள் துறையார் சிலரின் பேச்சால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்களுக்கு வேண்டியது பெயர் மட்டுமே. இருமலுக்கு நல்லதென்று நாள்தோறும் அதிமதுரம் சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அது இன்னும் குறையும். மறுபுறம், 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அழுத்தம் மட்டும் உள்ள பலருக்கு அது நன்மை தரும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். நாள்தோறும் இளநீர் குடிக்கும் வழக்கமுள்ளவர்களும் இதே காரணத்தால் அதைச் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவற்றைச் சாப்பிடுவோர் தனி வகை. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு இது வாழ்நாள் மருந்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வின் விலையைத் தாங்க இயலாத பலரை வாழவைத்தது. அந்த வால்வு உறையாமல் இருப்பதோ நோயாளியின் அன்றாட ஒழுங்கைப் பொறுத்தது. முருங்கைக் கீரை, அரைக்கீரை முதலியவற்றிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். அதற்காகக் கீரையைத் துறக்க வேண்டாம். வாரத்திற்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால், ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து நாங்கள் மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்வோம். யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்துவதும், ஆடி மாதம் முழுவதும் கீரையாகவே சாப்பிடுவதும்தான் சிக்கல்.

சொல்லக் கூசும் செய்தி ஒன்று உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலஃபில் மாத்திரைகளை மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடுவோர் பலர். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையுடன் இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழும். சில்டெனாஃபிலுக்குப் பின் 24 மணி நேரமும் டடாலஃபிலுக்குப் பின் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. மகனையோ மருமகளையோ வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்கலாம். காரணம் கேட்க மாட்டோம். மது, புகையிலை பற்றியும் இதே ஏற்பாடு.

நிறுத்துவதற்கு முன்

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் என இரண்டு மருந்துகளைக் குறிப்பிட்ட காலத்திற்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். மாரடைப்புக்குப் பின் வைத்தால் அது பொதுவாக 12 மாதம். திட்டமிட்டு வைத்தால் பெரும்பாலும் 6 மாதம். ஆளுக்கு ஆள் மாறும். இடையில் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து குழாய் ஒரே நொடியில் அடைபடலாம். பல் பிடுங்கப் போகும் இடத்திலோ கண்புரை அறுவைக்கோ 'இரத்தம் இளகும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்லப்படலாம். அந்த அறிவுரையை ஏற்கும் முன் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். பெரும்பாலான பல் சிகிச்சைக்கு நிறுத்தத் தேவையில்லை. உங்கள் மருந்துச் சீட்டில் ஸ்டென்ட் வைத்த தேதியும், எந்தத் தேதி வரை இரண்டு மருந்து என்பதும் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மருந்துகளையும் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலி கூடுதல் வேகத்துடன் திரும்பலாம். அவற்றைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவோம்.

கொழுப்பு மாத்திரையைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைக் காட்டாத நோயாளி இல்லை. அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் சாப்பிடுவோர் சிலருக்குத் தசை வலி வருவது உண்மை. ஆனால் 2020இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட சாம்சன் ஆய்வைக் கேளுங்கள். இப்படி வலி வந்து மாத்திரையை விட்டவர்கள் 60 பேருக்கு, ஓர் ஆண்டில் நான்கு மாதம் உண்மை மாத்திரையும் நான்கு மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் எதுவென்று தெரியாமல் கொடுத்தார்கள். மீதி நான்கு மாதம் மாத்திரையே இல்லை. உண்மை மாத்திரையில் தோன்றிய தொந்தரவில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் தோன்றியது. முடிவைக் கண்ட பின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. பயமும் எதிர்பார்ப்பும் உடலில் வலியாக வெளிப்படும் என்பதே ஆய்வு காட்டியது. ஆகவே வலிக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாற்றலாம். சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எங்களை இருட்டில் நிறுத்துகிறது.

விலையும் சொல்ல வேண்டிய செய்தியே. 2011இல் லான்செட் இதழில் வெளியான ப்யூர் ஆய்வு, கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்தது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில், வருமானம் குறைந்த நாடுகளில் பத்தில் எட்டுப் பேர், மீண்டும் வராமல் காக்கும் மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. இதில் பணமும் ஒரு காரணம். ஸ்டென்ட்டுக்காக நகையை அடகு வைக்கும் குடும்பம், மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரையில் சிக்கனம் பார்ப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். 'இந்த விலை தாங்காது டாக்டர்' என்று சொல்லிவிட்டால் வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவற்றில் பல இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலப்பொருள் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பாதி மாத்திரையாக உடைத்துச் சாப்பிடுவதைவிட, விலை குறைந்த முழு மாத்திரை மேல்.

விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே வந்து கேட்க வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய வாரத்திலும் ரமலான் தொடங்கும் முன்னும் இந்தக் கேள்வியுடன் வருவோர் இன்னும் சிலரே. விரதம் வேண்டாம் என்று எல்லோருக்கும் நாங்கள் சொல்வதில்லை. மருந்தின் வேளையை மாற்றலாம். நீர் மாத்திரையைக் குறைக்கலாம். இதயத் தளர்ச்சிக்கு இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்தை முழு உபவாசத்தின்போது தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையெனில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு.

வீட்டாருக்கு

நோயாளியின் முன்னிலையிலேயே, 'இவர் எங்க டாக்டர் போடுறாரு, எல்லாத்தையும் அலமாரியில ஒளிச்சு வச்சிருக்காரு' என்று போட்டுடைக்கும் மனைவியும் மகளும் உண்டு. எங்களுக்கு அந்தச் செய்தி தேவை. ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட நொடியில் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். காரணத்தை அவர் இனிச் சொல்ல மாட்டார். வீட்டிலேயே பேசி, 'இருமல் வருதுன்னு நீங்களே சொல்லுங்க' என்று அவரைச் சொல்ல வைப்பது நல்லது. முடியாவிட்டால் செவிலியரிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். திருவரங்கத்துப் பெரியவரின் மனைவி எட்டு மாதமும் எங்கள் அறையில் அவர் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். கணவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று இருந்துவிட்டார். நாங்களும் அவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் தொலைபேசி வழியாகவே மருந்தை மாற்றச் சொல்வதும் நடக்கிறது. அவர்கள் பேச விரும்பினால், பெற்றோர் எங்கள் அறையில் இருக்கும்போதே அழைக்கட்டும்.

அந்தப் பெரியவர் இப்போது டெல்மிசார்டானும், நீர் மாத்திரையைக் காலை பத்து மணிக்கும் சாப்பிடுகிறார். அழுத்தம் 134/82. குடலிறக்க அறுவையும் முடிந்துவிட்டது. மாத்திரை எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததில் அவருக்கு எங்கள்மேல் சிறிது வருத்தம்கூட இருக்கிறது. ஆரம்பத்திலேயே இதைக் கொடுத்திருக்கலாமே என்கிறார். சென்ற முறை பையுடன் வந்து உட்கார்ந்ததும், 'போன வாரம் ரெண்டு நாள் விட்டுப்போச்சு. மறுநாள் சேர்த்துப் போட்டுக்கலாமா?' என்று அவரே கேட்டார். கூடாது. மறந்தது அன்றே நினைவுக்கு வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான மாத்திரையை மட்டும் போட வேண்டும்; இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாக விழுங்கக் கூடாது. வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுவோர் விட்டுப்போன தேதியைக் குறித்துவைத்து, அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது காட்ட வேண்டும்.